நேட்டோவுக்கு ஐரோப்பாவ தாண்டி என்ன வேல? பாண்டி, கடலூர் ஆளுங்க கேட்டதும் என் பதிலும்

நேட்டோ, அதாவது அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுங்க சேந்த ராணுவக் கூட்டணி, அத பத்தி பேச்சு வந்தாலும் வந்துச்சு, ஆளாளுக்கு கேள்விய அனுப்பிட்டீங்க. நான் ப்ரொஃபசர்லாம் இல்ல, கப்பல் இன்ஜின் ரூம்ல வேல பாத்து ரிட்டயர் ஆன கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) காரன், இந்த விஷயத்த மட்டும் விடாம படிக்கிற பழக்கம், அவ்ளோதான்.

முத்தியால்பேட்டை தம்பி: அண்ணே, 1949ல நேட்டோ ஆரம்பிச்சப்போ பாண்டி பிரெஞ்சுக்காரன் கைல தான இருந்துச்சு, அப்போ நம்ம ஊரும் நேட்டோ ஏரியாவா?

இல்ல தம்பி, ஆனா செம கேள்வி. நேட்டோ ஒப்பந்தத்துல, ஒருத்தர அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரின்னு சொல்ற 5வது பிரிவ தான் எல்லாரும் பேசுவாங்க, அடுத்து இருக்குற 6வது பிரிவ யாரும் பொரட்டி பாக்குறதில்ல. எல்லக்கோடு அதுல தான் இருக்கு. ஐரோப்பா, வட அமெரிக்கா, கடக ரேகைக்கு வடக்க இருக்குற அட்லாண்டிக் தீவுங்க, அப்புறம் அப்போ பிரான்ஸ் கைல இருந்த அல்ஜீரியா. பாண்டி, காரைக்கால், மாஹே, ஏனாம் எதுவும் கிடையாது. அல்ஜீரியா காலனி இல்ல, எங்க நாட்டோட ஒரு பகுதின்னு பிரான்ஸ் அடம் பிடிச்சு உள்ள சேத்துச்சு, மத்தவன் காலனிய காப்பாத்த சண்டைக்கு போக அமெரிக்காவுக்கு இஷ்டமில்ல. அதனால 1954ல கீழூர்ல 178 மக்கள் பிரதிநிதிங்கள்ல 170 பேர் இந்தியா பக்கம் ஓட்டு போட்டு, நவம்பர் 1 நிர்வாகம் கை மாறுனப்போ நேட்டோங்கற பேச்சுக்கே எடமில்ல. 1961ல கோவாவும் இதே கதை தான், போர்ச்சுகல் நேட்டோவோட ஸ்தாபக மெம்பர், ஆனா கோவா கோட்டுக்கு வெளிய, ஒருத்தனும் படைய அனுப்பல. 1982ல ஃபாக்லாந்து தீவுக்காக பிரிட்டன் தனியா போய் சண்ட போட்டதும் இதனால தான்.

லாஸ்பேட்டை சார் ஒருத்தர்: கோடு இருந்தா ஆப்கானிஸ்தானுக்கு எப்படி போனாங்க?

இங்க தான் நெறைய பேர் குழம்புறாங்க சார். அந்த கோடு அடி வாங்குற எடத்துக்கு தான், திருப்பி அடிக்கிற எடத்துக்கு கிடையாது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த நியூயார்க்கும் வாஷிங்டனும் கோட்டுக்கு உள்ள இருக்கு, அதனால மறுநாள் 2001 செப்டம்பர் 12ம் தேதியே 5வது பிரிவ எடுத்தாங்க, நேட்டோ வரலாற்றுல அந்த ஒரு தடவ தான். அப்புறம் 2003 ஆகஸ்ட்ல அங்க இருந்த சர்வதேச படையோட பொறுப்ப நேட்டோ வாங்கிக்கிச்சு, மொதல்ல காபூல் மட்டும், போகப்போக நாடு பூரா, உச்சத்துல சுமார் 1,30,000 பேர். அந்த நாட்டுக்கு கடலே கிடையாதே, சாமான் எப்படி போச்சுன்னு யோசிங்க, கராச்சில எறக்கி லாரில ஏத்தி தோர்க்கம் இல்லன்னா சமன் பார்டர் வழியா. 2011 நவம்பர்ல பார்டர்ல இருக்குற பாகிஸ்தானோட சலாலா செக்போஸ்ட்ல நேட்டோ விமானம் அடிச்சு பாகிஸ்தான் வீரர்கள் 24 பேர் செத்தாங்க, பாகிஸ்தான் ரூட்ட சாத்திடுச்சு, 7 மாசம் தொறக்கல. அப்போ கைகொடுத்த வடக்கு ரூட் ரஷ்யா வழியா போனதுன்னு சொன்னா இன்னிக்கு யாரும் நம்ப மாட்டாங்க! கடைசில 2021 ஆகஸ்ட்ல காபூல் விழுந்தது தெரிஞ்சது தான்.

ஓ.டி. தம்பி, கப்பல்ல சேரப்போறவர்: நீங்க சோமாலியா கடல் கொள்ளைக்காரங்க இருந்த ஏடன் வளைகுடா போயிருக்கீங்களா, நேட்டோ கப்பல் நெஜமாவே பாதுகாப்பு குடுத்துச்சா?

போயிருக்கேன். அந்த ஏரியா வர்றதுக்கு முன்னாடியே டெக் ரெய்லிங் சுத்தி ரேசர் வயர் கட்டுவோம், தடிமனான கிளவுஸ் போட்டும் கை கிழியும், ஃபயர் ஹோஸ வெளிப்பக்கமா திருப்பி கட்டி தண்ணி அடிச்சுக்கிட்டே போவோம், கொள்ளைக்காரன் ஏறிட்டா எல்லாரும் சிட்டாடல்ங்கற உள் ரூம்ல பூட்டிக்கணும், அதுல தண்ணி, பிஸ்கட், சாட்டிலைட் போன் இருக்கும். கப்பலுங்க போறதுக்குன்னே ஒரு பாத வகுத்திருந்தாங்க, ரெண்டு பக்கமும் போர்க்கப்பல் ரோந்து. நேட்டோவோட ஓஷன் ஷீல்டுங்கற கொள்ளை தடுப்பு வேல 2009ல இருந்து 2016 வர நடந்துச்சு, ஆனா அது மட்டும் இல்ல, ஐரோப்பிய யூனியன் தனியா, அமெரிக்கா தலைமைல இன்னொன்னு, இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாம் அவங்கவங்க கப்பலோட. நம்ம நேவி 2008 அக்டோபர்லயே அங்க போயிடுச்சு. என்னக் கேட்டா நேட்டோ வெளிய போய் செஞ்சதுல உருப்படியா முடிஞ்சது இது ஒண்ணு தான், ஏன்னா வேல என்னன்னு தெளிவா இருந்துச்சு.

இன்னொன்னும் சொல்லணும். 2010ல கப்பல் கம்பெனிங்க, இன்சூரன்ஸ்காரங்க அபாய ஏரியாவ கிழக்க 78 டிகிரி தீர்க்கரேகை வர இழுத்தாங்க, அதாவது அரபிக்கடல் மொத்தமும், நம்ம மேற்கு கரை வர. துப்பாக்கி ஆளுங்களோட கப்பல் நம்ம மீனவங்க பக்கத்துல வர ஆரம்பிச்சுது, 2012 பிப்ரவரில என்ரிகா லெக்ஸி கப்பல்ல இருந்த இத்தாலி வீரர்கள் கேரளா பக்கம் ரெண்டு மீனவங்கள சுட்டாங்க, ஒருத்தர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அவங்க நேட்டோ கணக்குல ஏறுனவங்க இல்ல, இத்தாலி தன் சட்டப்படி ஏத்துனது. கோட்ட 65 டிகிரிக்கு திரும்ப தள்ள 2015 ஆச்சு, இந்தியா விடாம கேட்டதால தான்.

குருசுக்குப்பம் அக்கா: எங்க மாமா சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர்), அல்ஜீரியா போனவர், பிரெஞ்சு பென்ஷன் வாங்கினார். அவர நேட்டோ பட்டாளம்னு சொல்லலாமா?

சொல்லக்கூடாதுக்கா. நேட்டோவுக்குன்னு சொந்த பட்டாளமே கிடையாது, மெம்பர் நாடுங்க அனுப்புறது தான். அல்ஜீரியா கோட்டுக்குள்ள இருந்தும் அந்த சண்ட பிரான்ஸோட சொந்த சண்டையா தான் நடந்துச்சு. போதாததுக்கு 1966ல பிரான்ஸ் அதிபர் டி கோல் நேட்டோ ராணுவ தலைமைல இருந்தே பிரான்ஸ வெளிய கூட்டிட்டு போயிட்டார், பாரிஸ்ல இருந்த ஆபீஸ் பிரஸ்ஸல்ஸுக்கு போச்சு, திரும்பி வந்தது 2009ல.

நெய்வேலி நண்பர்: லிபியா?

2011ல பொதுமக்கள காப்பாத்தன்னு ஐநா தீர்மானம், இந்தியா ஓட்டு போடாம ஒதுங்கிடுச்சு. காப்பாத்தறதுன்னு ஆரம்பிச்சது அந்த நாட்ட ஆண்ட கடாபி சாகுற வர போச்சு, அதுக்கப்புறம் அந்த நாட்ட யார் பாத்துக்கறதுன்னு ஒருத்தனும் யோசிக்கல. எனக்கு இதுல இன்னும் கோவம் தான்.

அரியாங்குப்பம் தம்பி: இந்தியா சேருமா அண்ணே? இப்போ செங்கடல்ல நேட்டோ இருக்கா?

புதுசா சேக்கறதுன்னா ஐரோப்பிய நாடு தான்னு 10வது பிரிவே சொல்லுது, நேட்டோ மாதிரி ஏற்பாடு நமக்கு பொருந்தாதுன்னு நம்ம வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2023ல சொல்லிட்டார். ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தலைவர்கள் 2022ல மாட்ரிட்ல நடந்த நேட்டோ மாநாட்டுக்கு போனாங்க, அதுவும் விருந்தாளியா தான், டோக்கியோல ஒரு சின்ன ஆபீஸ் தொறக்கலாம்னு பேச்சு வந்ததுக்கே பிரான்ஸ் அதிபர் மக்ரோன் முட்டுக்கட்ட போட்டார்.

செங்கடல்ல ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூத்திங்க கப்பல அடிக்க ஆரம்பிச்சப்போ 2023 டிசம்பர்ல அமெரிக்கா ஒரு கூட்டணி போட்டுச்சு, 2024 பிப்ரவரில ஐரோப்பிய யூனியன் தனியா ஒண்ணு, ரெண்டுலயும் நேட்டோ பேர் இல்ல. அதனால கப்பல்ல சேரப்போற ஓ.டி. தம்பி, எந்த கூட்டணி காவல் நிக்குதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி, அபாய ஏரியாவுக்கு போக மாட்டேன்னு சொல்ற உரிமையும் போனா எக்ஸ்ட்ரா சம்பளமும் உன் காண்ட்ராக்ட்ல எழுதியிருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடு.