பேய்ப்படத்துல ஜேம்ஸ் வான் அப்படி என்னத்த மாத்துனாரு?

மலேசியாவுல பொறந்து ஆஸ்திரேலியாவுல வளந்த சினிமா டைரக்டரு அவரு. 2004ல 'சா' (Saw) படம் எடுத்தப்ப ரத்தம், வலி, பொறின்னு காட்டுனாரு, அதப் பாத்து ஹாலிவுட்டே கொஞ்ச வருஷம் அந்தப் பக்கம் ஓடுச்சு. ஆனா என்னக் கேட்டா பெரிய வேலை அதுக்கப்புறந்தான், 2010ல 'இன்சிடியஸ்', 2013ல 'தி கான்ஜூரிங்'னு ரத்தத்த ஓரங்கட்டிட்டு பழையபடி வீடு, குடும்பம், இருட்டுன்னு திரும்புனாரு பாருங்க, அதுதான்.

கான்ஜூரிங்ல அந்த கைதட்டுற சீன எடுத்துக்கோங்க. புள்ளைங்க கண்ணக் கட்டி ஆடுற விளையாட்டா மொதல்ல ஜாலியா காட்டிருவாரு. பெறகு அம்மாக்காரி நிலவறைப் படிக்கட்டுல தீக்குச்சிய உரசிட்டு உக்காந்திருக்கா, சத்தமே இல்ல, நாம முன்னாடி இருக்க இருட்டையே மொறச்சுப் பாத்துட்டிருக்கோம், அவ தோளுக்குப் பின்னாடி இருந்து ரெண்டு கை வந்து பட்டுன்னு தட்டும்! மொகமே காட்ட மாட்டாரு. எங்க மதுரைப் பக்கம் அப்பத்தா சொல்ற மோகினி கதையிலயும் இதேதான், கொலுசுச் சத்தம் மட்டும் வரும், ஆளு வராது, நமக்குத் தூக்கம் போயிரும்.

தமிழ்ல 'முனி', 'காஞ்சனா'ன்னு பேயும் காமெடியுமா போயிட்டிருந்துச்சு. 2017ல வந்த 'அவள்' பாருங்க, மலைப்பக்கத்து வீடு, பக்கத்து வீட்டுப் பொண்ணு மேல பேய், பாதிரியார்னு ஜேம்ஸ் வானோட தடம் நல்லாவே தெரியும். ஆனா நம்ம மதுரைக்காரரு கார்த்திக் சுப்புராஜோட 'பீட்சா' கான்ஜூரிங்குக்கு முன்னாடியே 2012ல வந்துருச்சு, அதக் கொண்டுபோய் கான்ஜூரிங் கணக்குல எழுதிராதீங்க.