ஆய்வகப் பணியாளர் கேள்வி–பதில்: பெயரும் பதவியும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் 14 ஆண்டுகளாக மின்னணு நுண்ணோக்கியை இயக்குகிறேன். மாணவர்களின் கட்டுரைகளில் வரும் படங்கள் நான் எடுத்தவை. என் பெயரோ நன்றியுரையில்கூடச் சில சமயம் இராது. ஆசிரியர் வரிசையில் இடம் கேட்கலாமா?

பதில்: எல்லாக் கட்டுரைக்கும் கேட்க முடியாது. கொடுத்த மாதிரியை வழக்கமான அமைப்பில் வைத்துப் படமெடுத்துத் தருவது நன்றியுரைக்குரிய உதவி. ஆனால், மின்கடத்தாத பாலிமர் மாதிரியில் மின்னூட்டம் தேங்கிப் படமெங்கும் வெள்ளைக் கீற்று விழுந்தபோது, முடுக்க மின்னழுத்தத்தை 15 கிலோவோல்ட்டிலிருந்து 2-க்குக் குறைத்து, தங்கப் பூச்சின் கனத்தை மாற்றி, எந்தப் பரப்பை நம்பலாம் என்று முடிவுசெய்தவர் நீங்கள் என்றால், அது தரவைப் பெறுவதிலும் அதற்குப் பொருள் காண்பதிலும் கணிசமான பங்கு. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள நான்கு நிபந்தனைகளில் முதலாவது இத்தகைய பங்களிப்பே. வரைவை எழுதுவது அல்லது செம்மையாகத் திருத்துவது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவது, கட்டுரைக்குப் பொறுப்பேற்பது ஆகியவை மற்ற மூன்று. வரைவையே கண்ணில் காட்டாதபோது இவற்றை எப்படி நிறைவேற்றுவது? முதல் நிபந்தனையை நிறைவுசெய்தவருக்கு மற்றவற்றில் பங்கேற்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது. ஆகவே படங்களை ஒப்படைக்கும் அன்றே, செய்முறைப் பத்தியை நீங்களே எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பி, வரைவைக் கேளுங்கள். அச்சான பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கேள்வி: 18 ஆண்டுகளாக ஒரே பதவியில் இருக்கிறேன். உயர்வுக்கு வழியே இல்லையா?

பதில்: ஊதிய உயர்வையும் பதவி உயர்வையும் பிரித்துப் பாருங்கள். தமிழக அரசுப் பணியில் ஒரே பதவியில் 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்ற ஊதிய உயர்வுகள் உண்டு. மத்திய அரசுப் பணியில், பதவி உயர்வு கிடைக்காதவருக்கு 10, 20, 30 ஆண்டுகளில் ஊதிய நிலை உயரும். இரண்டிலும் பதவிப்பெயர் மாறாது. வீட்டுச் செலவுக்கு உதவும், அவ்வளவுதான். உங்கள் பல்கலைக்கழகத்தில் எந்த விதி நடப்பில் உள்ளது என்று நிர்வாகப் பிரிவில் எழுத்துமூலம் கேளுங்கள். கற்றுக்கொண்ட கருவிகள், பெற்ற பயிற்சிகள் ஆகியவற்றைச் சான்றுடன் பணிப்பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். மேற்பதவிக்கு விளம்பரம் வரும் வாரத்தில் அவற்றைத் தேடி அலைய நேரமிராது.

கேள்வி: கட்டுரைக்குக் கட்டுரை என் தலைப்பெழுத்து இடம் மாறுகிறது. என்ன செய்வது?

பதில்: தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எண்ணிவிடும் மென்பொருளால் நம்மில் பலருக்கும் இத்தொல்லை உண்டு. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண்ணை இலவசமாகப் பெற்று, எல்லாக் கட்டுரைகளிலும் அதையே கொடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் டெக்னீஷியனாக உள்ளேன். அறிவியல் பணியாளர்களின் தொழில் தகுதியைப் பதிவுசெய்யும் சயின்ஸ் கவுன்சில் என்ற அமைப்பில் பதிவு செய்துகொள்வதால் பயன் உண்டா?

பதில்: உண்டு, உடனடி ஊதிய உயர்வை எதிர்பார்க்காவிட்டால். பதிவு பெற்ற அறிவியல் டெக்னீஷியன் என்ற தகுதி, நீங்கள் செய்த வேலையையே சான்றாகக் கொண்டு மதிப்பிடப்படுவது. ஆண்டுதோறும் தொழில் வளர்ச்சிக் குறிப்புகளை வைத்திருக்க வேண்டும். டெக்னீஷியன்களுக்கு ஆதரவளிப்பதாக நிறுவனங்கள் தரும் உறுதிமொழியான, 2017-இல் தொடங்கப்பட்ட டெக்னீஷியன் கமிட்மென்டில் உங்கள் பல்கலைக்கழகம் கையொப்பமிட்டிருந்தால், பதிவுக் கட்டணத்தை அதுவே ஏற்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.