டேபிள் சாவுக்கு கிராஸ்கட் ஸ்லெட்: ரன்னரை மரத்தில் போடலாமா, ஃபென்ஸை மட்டமாக்குவது எப்படி?

கோத்தகிரியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். முக்கால்வாசி வேலை சமையலறை கேபினெட்தான். அதனால் இந்த இரண்டு கேள்விக்கும் நான் பட்டதிலிருந்தே சொல்கிறேன். டேபிள் சா என்றால் நடுவில் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் ரம்ப மேஜை. பலகையைக் குறுக்கே வெட்ட அதன்மேல் வைத்துத் தள்ளும் தட்டுதான் கிராஸ்கட் ஸ்லெட். தட்டின் அடியில், மேஜைப் பள்ளத்தில் ஓடும் பட்டை ரன்னர். மேலே நம் பக்கம் ஒன்றும் முன்பக்கம் ஒன்றுமாக நிற்கும் கட்டைகள் ஃபென்ஸ், நம் பக்கத்து ஃபென்ஸில்தான் பலகையைச் சாத்தி வெட்டுவோம்.

நீங்களும் மலையில் இருந்தால் மர ரன்னர் வேண்டாம். என் முதல் ஸ்லெட்டுக்குத் தேக்கில் இழைத்துப் போட்டேன். மார்ச் மாதம், வழுக்கிக்கொண்டு ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் ஊறிப்போய் இறுகிவிட்டது. (எங்களுக்கு வடகிழக்கு மழைதான் பெரிது, கூடலூர் பக்கம் ஆனி ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும்.) மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில்தான் ஊதும். 19 மி.மீ. பள்ளத்தில் 0.2 மி.மீ. ஊதினாலே போதும். தம் பிடித்துத் தள்ளினேன். சடாரென்று விட்டுப் பாய்ந்து, பிளேடு ஃபென்ஸைத் தாண்டி என் பக்கம் வந்து நின்றது. கட்டைவிரல் இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அலுமினியப் பட்டை. கொஞ்சம் ஆடினால் பட்டையின் ஓரத்தை ஒட்டி சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் வரிசையாகக் குத்துங்கள், பக்கவாட்டில் பிதுங்கி ஆட்டம் நின்றுவிடும். பள்ளத்துக்குள் இரண்டு மூன்று காசு போட்டு, அவற்றின்மேல் பட்டையை வைத்தால் மேஜைக்கு மேலே மயிரிழை நிற்கும். அதன்மேல் ஸ்லெட்டின் அடிப்பலகையை ஒட்டி, பிறகு ஸ்க்ரூ அடியுங்கள். அடிப்பலகைக்கு 12 மி.மீ. மெரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்), ஃபென்ஸுக்கு 18 மி.மீ. பிளை இரண்டை ஒட்டியது. வெட்டப்போகும் 600 மி.மீ. பலகை உள்ளே உட்கார இடம் விடுங்கள்.

அடுத்து, நம் பக்கத்து ஃபென்ஸை பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் நிறுத்துவது. மூலைமட்டத்தை நம்பி அதை இறுக்காதீர்கள். ஒரு முனையில் மட்டும் ஒரு ஸ்க்ரூ, மறுமுனையை கிளாம்பில் பிடியுங்கள். ஒரு சதுரத் துண்டை எடுத்து, வெட்டிய பக்கத்தை ஃபென்ஸில் சாத்திச் சாத்தி நாலு பக்கமும் சுற்றி வெட்டுங்கள். ஐந்தாவதாக முதல் பக்கத்தையே மறுபடி ஒரு பட்டையாக அறுத்து, அதன் இரண்டு முனையின் அகலத்தையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். எனக்கு 450 மி.மீ. நீளப் பட்டையில் 0.8 வித்தியாசம் வந்தது. நாலு வெட்டின் பிழை சேர்ந்தது அது, நாலால் வகுத்தால் 0.2. 450 மி.மீ.க்கு 0.2 என்றால், ஸ்க்ரூவிலிருந்து 675 மி.மீ. தள்ளி அது 0.3 ஆகிறது. அங்கே ஒரு கட்டையை ஃபென்ஸில் ஒட்டி நிறுத்தி, 0.3 ஃபீலர் கேஜ் தகட்டை நடுவில் செருகி நகர்த்தினேன். மறுபடி வெட்டிப் பார்த்தபோது வித்தியாசம் இரட்டிப்பாகியிருந்தது, தப்பான பக்கம் தள்ளிவிட்டேன். எதிர்ப்பக்கம் தள்ளியதும் சரியானது.

முன்பக்கத்து ஃபென்ஸ், அடிப்பலகை பிளக்காமல் பிடித்துக்கொள்ளத்தான், அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நம் பக்கத்து ஃபென்ஸுக்குப் பின்னால், பிளேடு வெளிவரும் இடத்தில், ஒரு தடித்த கட்டையைக் கட்டாயம் ஒட்டுங்கள். ஃபென்ஸின் அடி விளிம்பை லேசாகச் சரித்து இழைத்துவிட்டால் மரத்தூள் அங்கே போய்விடும், பலகையைத் தள்ளாது.

அப்புறம், வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஈரச்சுவர் பிளையை வளைத்துவிடும். ஆணியில் தொங்கட்டும்.