பாட்டு நின்றதா, ஜெபம் நின்றதா?

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 46 வயது. காசிமேட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ராயபுரம் பக்கம் ஒரு சபையில், கல்யாணமாகி வந்த நாள் முதல் பாடகர் குழுவில் இருக்கிறேன். பல வருஷம் நானே முன்நின்று நடத்தினேன். பெரிய வெள்ளியா, அறுப்பின் பண்டிகையா, கேரல் ரவுண்ட்ஸா, என் குரல் இல்லாமல் நடந்ததில்லை. என் பாட்டைக் கேட்டு அழுதவர்கள் உண்டு.

புது ஆயர் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. கீபோர்டும் டிரம்ஸுமாக வாலிபப் பிள்ளைகள் முன்னால் நிற்கிறார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றுகூட அவர்களுக்கு முழுசாகத் தெரியாது. மைக்கை அவர்களிடம் கொடுத்தபோது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷம் உழைத்ததற்கு இதுதானா? ‘ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுங்கம்மா’ என்றார். சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்து என்னை ஓரங்கட்டுகிறார் என்பது எனக்குப் புரியாதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். போன மாதம் பிரசங்கத்தில் ‘உன் வரத்தை அனல்மூட்டி எழுப்பு’ என்றார். என்னைத்தான் சொன்னார். அனலை அவித்தது யார்?

வீட்டுக்காரரிடம் சொன்னால் ‘விடு, வேற சபைக்குப் போயிடலாம்’ என்கிறார். இப்போது வீட்டிலும் முன்போல ஜெபிக்க முடியவில்லை. முழங்கால்போட்டால் சொல்ல ஒன்றும் வருவதில்லை, யாரும் கேட்காத இடத்தில் எனக்கு ஜெபிக்கவே தெரியாதோ என்று நினைத்துச் சில ராத்திரி தூக்கமும் போய்விடுகிறது. அது கிடக்கட்டும். நான் சுருதி சேர்த்துப் பாடச் சொல்லிக்கொடுத்த பெண் ஒருத்தி, இன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. வேறு சபைக்குப் போகலாமா? இல்லை, ஆயரிடம் நேருக்கு நேர் கேட்டுவிடலாமா?

ஒரு சகோதரி, காசிமேடு

அன்புத் தங்கைக்கு,

‘அது கிடக்கட்டும்’ என்று எதைத் தாண்டிப் போனீர்களோ, அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. ஆயர், கீபோர்டு, முகம் பார்க்காத பெண் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பதை மட்டும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கூப்பிட்டுப் பேசாமல் மாற்றம் செய்தது ஆயரின் தவறு. ஆனால் அவர் உங்கள் வரத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கீர்த்தனை யாருக்கும் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். கற்றுக்கொடுங்கள் என்று வந்தவரிடம் முடியாது என்கிறீர்கள். இது எப்படிம்மா பொருந்தும்? ஓரங்கட்ட நினைப்பவர் சபைப் பிள்ளைகளை உங்கள் கையில் கொடுப்பாரா? பாடுவதற்கு இடம் இருக்கத்தான் இருக்கிறது. முன்னால் நிற்கும் இடம் போனதுதான் உங்களுக்கு வலிக்கிறது. அந்தப் பெண்ணும் உங்கள் முகம் பார்க்கத் தயங்குகிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. ‘நல்லா பாடினே’ என்று நீங்கள் ஒரு தடவை சொன்னால் பார்ப்பாள்.

இனி அந்தப் பயம். இத்தனை காலம் பாடியதெல்லாம் மனுஷர் காதுக்காகத்தானோ என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் ஜெபம் வருஷக்கணக்காகப் பாட்டு வழியாகவே போய்க்கொண்டிருந்தது. ஒத்திகை, ஆராதனை, மறுபடி ஒத்திகை. சபைக்காகப் பாடிப் பாடி, உங்களுக்கென்று கர்த்தரிடம் உட்கார நேரமே வைத்துக்கொள்ளவில்லை. பாட்டு நின்றதும் அவரிடம் எப்படிப் பேசுவது என்று திகைக்கிறீர்கள். அது பழக்கமின்மை, அவிசுவாசம் இல்லை. விசுவாசமே இல்லாதவளுக்கு ஜெபம் வரவில்லையே என்று தூக்கம் கெடுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் வீட்டுக்காரர் படகு கடலுக்குப் போவதில்லை. அதற்காக அவரை மீனவர் இல்லை என்று யாராவது சொல்வார்களா? படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும் வலையைச் சரிசெய்வதும் அப்போதுதான். கடலில் மீன் பெருகுவதற்கென்று விடுகிற காலமும் அதுதான். உங்களுக்கு வந்திருப்பதும் அப்படி ஒரு காலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரசங்கத்தில் கேட்ட வசனத்தை எடுத்துப் பாருங்கள், 2 தீமோத்தேயு 1:6. அதற்கு முன் 4ஆம் வசனத்தில் பவுல் தீமோத்தேயுவின் கண்ணீரை நினைக்கிறார். அடுத்த வசனத்தில் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி, அவர்களுடைய விசுவாசம் அவனுக்குள்ளும் இருக்கிறது என்கிறார். அதன் பிறகுதான் அனல்மூட்டச் சொல்கிறார். அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளைக்குச் சிறையிலிருந்து எழுதின கடிதம் அது. உங்களைக் குத்திக்காட்டச் சொன்னதாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஜெபத்தில் வார்த்தை வராத ராத்திரியில் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். கோராகின் புத்திரர் பாட்டு என்று தலைப்பிலேயே இருக்கிறது. ஆலயத்தில் பாடுவதையே ஊழியமாகக் கொண்ட குடும்பம் அது. அவர்களுடைய அந்தப் பாட்டு கடைசி வரியிலும் ஆறுதல் இல்லாமல்தான் முடிகிறது. அதையும் வேதம் ஜெபமாக வைத்திருக்கிறது. ‘ஆண்டவரே, சொல்ல ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் போதும்.

இன்னொன்று. சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அதுவும் இரண்டு முறை. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். டாக்டரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சபை மாறும் முடிவை இப்போது எடுக்க வேண்டாம். இந்த மனத்தாங்கலோடு போனால் அந்தச் சபையிலும் மைக் யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பீர்கள். ஆயரிடம் கட்டாயம் பேசுங்கள். உங்களிடம் சொல்லாமல் செய்தது வலித்தது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ‘எனக்கு ஜெபம் வரவில்லை ஐயா, எனக்காக ஜெபியுங்கள்’ என்று கேளுங்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு எந்த நேரம் வரவேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா