ஏணிக்கு மேலே

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில், 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கல்லியில், அதாவது சந்தில். கீழே அத்தை குடும்பம். இரும்பு ஏணி ஏறினால் நாங்கள். கல்யாணமாகி கோவைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மறுசீரமைப்பில் எல்லாம் இடிபடப் போகிறது என்று கேட்டதிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அங்கேயே இருக்கும் அண்ணனிடம் சொன்னால் சிரிக்கிறார். "டப்பாவோட சண்டாஸ் (பொதுக் கழிப்பறை) லைன்ல நின்னதெல்லாம் மறந்துபோச்சா? நீ போயிட்ட, உனக்கென்ன!" என்கிறார். என் வருத்தம் வசதி வந்தபின் வருகிற பாசாங்கா?

ர., கோவை

அன்புள்ள ர.,

பாசாங்கு இல்லை. ஆனால் என் ஓட்டு முதலில் உங்கள் அண்ணனுக்குத்தான். ஊரை விட்டுப் போனவர்களின் நினைவில் சாக்கடை நாறுவதில்லை. தினமும் அந்த வரிசையில் நிற்பவர் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வேண்டும் என்றால், கோவையிலிருந்து நீங்களோ என் மேஜையிலிருந்து நானோ குறுக்கே பேசக் கூடாது.

போகிறபோக்கில் நீங்கள் சொன்ன இரும்பு ஏணியில்தான் நான் நின்றுவிட்டேன். இந்தத் திட்டத்தில் எல்லாமே அந்த ஏணியை வைத்துத்தான். கீழ்த்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதன்பின் 2011 ஜனவரி 1க்குள் வந்தவர் என்றால் 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி. மாடியில் இருப்பவருக்கோ, எத்தனை காலம் இருந்திருந்தாலும், தாராவிக்குள் இலவச வீடு கிடையாது. மும்பைப் பெருநகரப் பகுதிக்குள் வேறெங்காவது, வாடகையாகக் கட்டிக்கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடுதான். இதற்கென்று கொடுத்திருக்கும் நிலங்களில் தேவனார் குப்பைக்கிடங்கும், நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் முலுண்டுப் பக்கத்து உப்பளங்களும் உண்டு. குப்பைமேட்டில் குடிவைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ!

அதாவது, அத்தை வீடு தாராவியிலேயே இருக்கலாம், ஏணிக்கு மேலே இருந்த வீடு முலுண்டுக்குப் போகலாம். அடுப்பில் குழம்பு இருக்க, கீழே குரல் கொடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன உறவு அது. விடியும் முன் இட்லி அவித்து, சைக்கிளில் பக்கத்து சயான், மாதுங்கா என்று கொண்டுபோய் விற்கிற நம் ஆட்களுக்கு முலுண்டிலிருந்து எந்த சைக்கிள்? உங்கள் வருத்தத்தை இடிபடும் சுவரின் மேல் வைக்காதீர்கள், இந்தப் பிரிப்பின் மேல் வையுங்கள். அண்ணனும் அப்போது சிரிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. "எங்கள் பழைய தெரு" என்று நாம் சொல்லும் இடமே நகரம் வேண்டாமென்று தள்ளியவற்றால் உண்டானது. தோல் பதனிடும் கூடங்களை ஊருக்குள் வைத்துக்கொள்ள பம்பாய் விரும்பவில்லை, அவை இங்கே வந்தன. அந்த வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நகரத்தின் தெற்கே இருந்த குயவர்களை இங்கே நகர்த்தியதில் கும்பார்வாடா என்ற குயவர் குடியிருப்பு உண்டாயிற்று. சேறும் அலையாத்தியுமாகக் கிடந்ததை மண்ணையும் குப்பையையும் கொட்டி மேடாக்கியது இவர்கள்தான். அதற்கெல்லாம் முன்பே இங்கே மீன் பிடித்த கோலிகளுக்கு இன்று கோலிவாடா என்ற பெயர் மிச்சம், மீன் பிடித்த ஓடை இல்லை. நம் பால்யமும் இன்னொருவர் இழந்த இடத்தில்தான் நடந்தது. இதற்காகக் குற்றவுணர்ச்சி கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் சதுப்பு நிலத்தை மனைநிலமாக்கியவர்களிடமே 2000க்கு முந்தைய ரசீதைக் கேட்பதில் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் பழைய ரேஷன் கார்டு, அத்தை பெயருக்கு வந்த மின்கட்டண ரசீது என்று அந்த முகவரி போட்ட எது உங்களிடம் இருந்தாலும் நகலெடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். எது கணக்கில் சேரும் என்று அவர் அங்கே விசாரித்துக்கொள்வார். அந்தக் கல்லியைப் பற்றிக் கவிதை எழுதுவதாக இருந்தால், அதற்கப்புறம் எழுதுங்கள்.