பழைய ஆர்-22 ஏசியில் புரோப்பேன் கேஸ் நிரப்பலாமா? ஆபத்து உண்டா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: வீட்டில் 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி இருக்கிறது, ஆர்-22 கேஸில் ஓடுவது. கேஸ் குறைந்துவிட்டது. ஆர்-22 விலை ஏறிவிட்டதால் ஆர்-290 போட்டுக்கொள்ளலாம், கரண்டும் குறையும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

வேண்டாம்.

மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆர்-290 என்பது புரோப்பேன், எளிதில் தீப்பிடிக்கும் வாயு. ஆர்-22-க்குப் பக்கத்து அழுத்தத்திலேயே ஓடும், நன்றாகக் குளிரும், எடையில் பாதிக்கும் குறைவாகப் போட்டாலே போதும். பூமியைச் சூடாக்குவதில் ஆர்-22 கரியமில வாயுவைப் போல 1,800 மடங்கு. புரோப்பேனுக்கு அது ஒற்றை இலக்கம். புரோப்பேன் போன்ற வாயுக்களை ஆதரிப்பவன் நான். ஆனால் அதற்கென்று செய்யப்படாத மெஷினில் அதை ஊற்றுவதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஃப்ரிட்ஜில் மட்டும் எரியும் கேஸ் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். உண்மைதான். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். 1993-இல் ஜெர்மனியில் கிரீன்பீஸ் அமைப்பின் முயற்சியில் தொடங்கிய இந்த வழியில் இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கான ஃப்ரிட்ஜ்கள் ஓடுகின்றன. வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் நூறு கிராமுக்குக் கீழே. சர்வதேசத் தரவிதி 150 கிராமுக்கு மேல் விடாது. கேஸ் கசிந்தால் எட்டக்கூடிய இடத்தில் பொறி தட்டும் சுவிட்ச் இருக்கக்கூடாது என்றும் விதி உண்டு. அந்த வடிவமைப்புதான் காக்கிறது.

உங்கள் ஏசிக்கு வருவோம். 1.5 டன்னுக்கு ஏறக்குறைய 400 கிராம் புரோப்பேன் தேவைப்படும். ஒரு கனமீட்டர் காற்றில் 38 கிராம் புரோப்பேன் கலந்தாலே தீப்பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை முழுக்க 400 கிராமும் சமமாகப் பரவினால் அந்த அளவை எட்டாது. ஆனால் புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில்தான் படியும். ஃபேன் ஓடாத மூடிய அறையில் அது தரையோடு தேங்கினால், சுமார் மூன்றடி உயரம்வரை எரியக்கூடிய கலவை நிற்க முடியும். கட்டிலில் படுத்திருப்பவரின் தலை அந்த உயரத்துக்குள்தான் இருக்கிறது. பிளக் பாயிண்டும் அங்கேதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உங்கள் ஏசியில் கேஸ் ஏன் குறைந்தது? ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை அது. எங்கேயோ கசிகிறது. அந்தக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் புரோப்பேனை நிரப்பினால், முன்பு ஆர்-22 எந்த ஓட்டை வழியாகப் போனதோ அதே வழியாக இதுவும் போகும். இன்டோர் காயிலில் கசிவு என்றால் நேராகப் படுக்கையறைக்குள். ஆர்-22 அப்படி வந்தபோது உங்களுக்குக் காசு மட்டும்தான் போயிற்று.

மூக்கும் உதவாது. சமையல் கேஸில் நாற்றத்துக்காகவே மெர்காப்டன் கலக்கிறார்கள். குளிரூட்டிக்கென விற்கும் புரோப்பேனில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. (சிலர் சமையல் சிலிண்டரிலிருந்தே நிரப்புகிறார்கள். அதில் புரோப்பேனும் பியூட்டேனும் ஏதோ ஒரு விகிதத்தில், ஈரத்தோடு இருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

வாசனை இல்லாத, யாருக்கும் தெரியாத புரோப்பேன் என்ன செய்யும் என்பதற்கு நியூசிலாந்தின் டாமஹேரே சாட்சி. 2008 ஏப்ரல் 5 அன்று அங்கே ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் அலாரம் அடித்தது. எட்டுத் தீயணைப்பு வீரர்கள் போனார்கள். கிடங்கின் குளிரூட்டும் அமைப்பில் சுமார் 400 கிலோ குளிரூட்டி, பெரும்பகுதி புரோப்பேன். வாசனை சேர்க்கப்படவில்லை. கசிவைக் காட்டும் கருவி இல்லை. உள்ளே இருப்பது எரியும் வாயு என்று வந்தவர்களுக்குத் தெரியாது. வெடித்தது. ஒருவர் இறந்தார், மற்ற ஏழு பேரும் காயமடைந்தார்கள். நெருப்போடு பழகியவர்களுக்கே இந்த நிலை என்றால், அடுத்த வருடம் உங்கள் வீட்டுக்கு வரப்போகும் புது மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். அவுட்டோர் யூனிட் லேபிளில் ஆர்-22 என்றுதான் இருக்கும். அதை நம்பி அவர் குழாயைப் பற்றவைக்க கேஸ் டார்ச்சின் நெருப்பைப் பிடிப்பார்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஏற்கெனவே ஓடுகிற ஆர்-22 வீட்டு ஏசிகளில் புரோப்பேன் மாற்றி நிரப்ப அனுமதி தரவே இல்லை. அதே வாயுவுக்கென்றே தயாரித்த ஏசி வேறு விஷயம். இந்தியாவில் கோத்ரெஜ் 2012-லேயே ஆர்-290 ஸ்ப்ளிட் ஏசி கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மெஷினில் கேஸின் அளவைக் குறைத்திருப்பார்கள், எத்தனை சதுர அடிக்குக் குறையாத அறையில் மாட்டவேண்டும் என்ற கணக்கு இருக்கும், பொறி வரும் இடங்களை மூடியிருப்பார்கள். உங்கள் பழைய யூனிட்டில் ரிலே (பொறி தட்டக்கூடிய தானியங்கி சுவிட்ச்) மூடப்படாமல் இருக்கும்.

எனவே முதலில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் அதுவே வெடிக்கும். கசிவை அடைத்த பிறகு ஆர்-22-ஐயே நிரப்புங்கள். காயில் அரித்துப்போயிருந்தால் அந்தப் பணத்தைப் புது ஏசியில் போடுவது மேல்.

ஃப்ரிட்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை: ஃப்ரீசரில் உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் கேஸ் ஓடுகிறது. குத்திவிட்டால் ஸ்விட்சைத் தொடாமல் ஃப்ரிட்ஜ் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, அடுப்பில் நெருப்பு இருந்தால் அணைத்துவிட்டு, அறைக்கு வெளியே உள்ள மெயினை இறக்குங்கள்.

உங்கள் ஏசியில் ஏற்கெனவே யாராவது புரோப்பேன் நிரப்பியிருந்தால் அதை ஓட்டவேண்டாம். இந்த வாயுவில் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்து வெளியேற்றுங்கள். அவர் வரும்வரை அவுட்டோர் யூனிட்டின் மேல் "உள்ளே புரோப்பேன், நெருப்பு ஆகாது" என்று அழியாத மையில் பெரிதாக எழுதி வையுங்கள்.