காப்பீட்டு கார்டுல ஆபரேஷன், தனியா 60 ஆயிரம் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஹார்ட் வால்வு மாத்தினாங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நைட்டு, திட்டத்துல வர்றது சாதா வால்வு, நல்லது வேணும்னா 60 ஆயிரம் கட்டுங்கன்னாங்க. ஜிபேல அனுப்பினேன், பில் தரல. விருப்பப்பட்டு கட்டுறதா கையெழுத்தும் வாங்கிட்டாங்க. பணத்த திரும்ப கேக்க முடியுமா?

பதில்: தாராளமா கேக்கலாம்ங்க. திட்டத்துல ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் மொத்தமா ஒரு பேக்கேஜ் ரேட், அதுக்குள்ள பெட், டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து, மாத்திரை, உள்ள வைக்கிற வால்வு, சாப்பாடு எல்லாமே அடக்கம், அதுக்கு ஒத்துக்கிட்டுதான் ஆஸ்பத்திரி திட்டத்துல சேருது. ரேட்டு கட்டுப்படி ஆகலன்னா அவங்க அரசாங்கத்துகிட்ட பேசணுமே தவிர, மறுநாள் ஆபரேஷன வச்சுக்கிட்டு தவிக்கிற குடும்பத்துகிட்ட கை நீட்டுறது பெரிய அநியாயம்.

முதல்ல கேஸ் ஷீட் காப்பி எழுதிக் கேளுங்க, மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிப்படி 72 மணி நேரத்துல தரணும். அதுல வால்வோட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் இருக்கும். நெஜமாவே வேற வால்வு வச்சாங்களா, இல்ல திட்டத்துல வர்றதையே வச்சுட்டு காசு வாங்கினாங்களான்னு அதுல பிடிச்சிடலாம். விலை கூடுன வால்வுதான், தெளிவா சொல்லித்தான் வச்சாங்கன்னு வந்தா நம்ம கேஸ் கொஞ்சம் வீக்தான், அதையும் சொல்லிடுறேன்.

கையெழுத்துக்கு பயப்படாதீங்க. 1872 ஒப்பந்த சட்டம் பிரிவு 16, நெருக்கடிய பயன்படுத்தி வாங்குன சம்மதத்த பத்தி பேசுது, அத வச்சு வாதாடலாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்ட மட்டும் நம்பாம பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுங்க, பணம் தனி ஆள் அக்கவுண்டுக்கு போயிருந்தா அது இன்னும் முக்கியம்.

1800 425 3993-ல புகார் பண்ணி நம்பர் வாங்குங்க, கலெக்டர் தலைமையிலான குறைதீர் கமிட்டிக்கும் மனு குடுங்க. பெரும்பாலும் இந்த கட்டத்துலயே ஆஸ்பத்திரி இறங்கி வரும், திட்டத்துலேர்ந்து தூக்கிடுவாங்களோன்னு பயம் இருக்கு.

வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். இலவச சிகிச்சை, நீங்க நுகர்வோரே இல்லன்னு வாதாடுவாங்க, ஆனா காப்பீட்டு கம்பெனி கட்டுனா அது இலவசம் ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1995-லயே வி.பி.சாந்தா வழக்குல சொல்லிடுச்சு, போதாததுக்கு நீங்களே 60 ஆயிரம் கட்டியிருக்கீங்க. 2 வருஷத்துக்குள்ள போடணும்.

இந்த சண்டையில அப்பாவோட செக்கப்ப மட்டும் விட்டுடாதீங்க, அந்த ஆஸ்பத்திரிக்கு போக கூச்சமா இருந்தா வேற எங்க பாக்கலாம்னு அதே நம்பர்ல கேளுங்க.